சிவப்புக் குழாயும் இடதுகால் செருப்பும்

ஜவுளிக்கடைத் தெருவில் ஒரு சிவப்புக் குழாய் இருந்தது, இருந்தது என்பதைத் தவிர அதைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது. வைகுண்டம் அண்ணாச்சியின் ஜவுளிக்கடைக்கு நேர் எதிரே, இடுப்பளவு உயரத்தில், இரண்டு பக்கமும் மூடி போட்ட வாயோடு அது நின்றது. அதில் சைக்கிளைச் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள், ஈரத் துண்டைக் காயப்போட்டார்கள், மனைவிமார் கடைக்குள் சேலை பார்க்கும்போது புருஷன்மார் பிள்ளையை அதன் தலையில் உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டு கொட்டாவி விட்டார்கள், தேர்தலுக்குத் தேர்தல் அதில் சுவரொட்டி ஒட்டினார்கள், ஆனால் அதைத் திறந்து பார்க்க வேண்டும் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

தோன்றியது சந்தனமாரிக்குத்தான், அதுவும் பயத்தினால் தோன்றியது. அண்ணாச்சி கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் அவள் ஒரு குழந்தைகள் காப்பகம் நடத்தினாள், அதனால் தெருவில் எல்லாருக்கும் அவள் டீச்சர். அந்தத் தெருக் கடைகளில் காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே சேலை பிரித்துக் காட்டும் பெண்களின் பிள்ளைகள் அங்கேதான் வளர்ந்தன, அவளுடைய மகள் தர்ஷிகாவும் அவற்றோடு சேர்ந்தே வளர்ந்தாள். மேலே போக இருந்தது ஒரே ஒரு மரப்படிக்கட்டு. அந்தப் படியின் பாதி அகலத்துக்கு அண்ணாச்சி துணிப் பொதிகளை அடுக்கியிருந்தார். கீழே துணி, பக்கத்தில் துணி, எதிரில் துணி, தலைக்கு மேல் கயிற்றில் தொங்குவதும் துணி என்று இருந்த தெருவில், அத்தனைக்கும் மேலே பிள்ளைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சந்தனமாரி, யாராவது பீடி பற்றவைத்தால்கூடச் சன்னல் வழியாக எட்டிப் பார்ப்பாள்.

காப்பகத்தின் உரிமத்தைப் புதுப்பிக்கத் தீயணைப்பு நிலையத்துக்குப் போனபோது, பக்கத்தில் இருக்கும் தீயணைப்புக் குழாயில் எவ்வளவு தண்ணீர் எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று குடிநீர் வாரியத்தில் சோதனை வைத்துச் சான்று வாங்கி வரச் சொன்னார்கள். அவளுக்கும் அது தெரிந்தாக வேண்டியிருந்தது. வாரிய அலுவலகத்தில் இருந்த எழுத்தர் அவள் சொன்னதை மூன்று முறை சொல்ல வைத்தார்.

"தண்ணி வரலைன்னா லாரிக்குப் பதிஞ்சிட்டுப் போங்கம்மா."

"வீட்டுக் கொழாயில தண்ணி வருது சார். தீப்பிடிச்சா அந்தச் செவப்புக் கொழாயில வருமான்னு கேக்கேன்."

"தீப்பிடிச்சிருக்கா?"

"இல்ல சார்."

"பெறவு எதுக்கு இப்பமே கேக்கிய?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அவள் ஒவ்வொரு மேசையாகப் போனாள். அப்படி ஒரு சோதனையை இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார்கள், யாரும் கேட்காததை எப்படிக் கொடுப்பது என்றும் கேட்டார்கள். கடைசியில் ஆரோக்கியதாஸ் என்ற உதவிப் பொறியாளர், படிக்கிற காலத்தில் இதைப் பற்றி ஒரு பரீட்சையில் எழுதிய ஞாபகம் இருக்கிறது என்று சொல்லி, வருவதாக ஒத்துக்கொண்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் அவர் ஃபிட்டர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். குழாயின் வாயில் அழுத்தம் பார்க்கும் மீட்டரை மாட்டினார்கள், நீளமான இரும்புச் சாவியைத் தலையில் போட்டு இரண்டு பேரும் தொங்கித் திருகினார்கள். தெருவே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. முதலில் குழாய் பெருமூச்சு விட்டது, பிறகு துரு துப்பியது, பிறகு தண்ணீர் வந்தது. தண்ணீர் கறுப்பாக இருந்தது, கை வைத்தால் வெதுவெதுப்பாக இருந்தது, எரிந்த வீட்டில் அடிக்கும் வாடை அதில் அடித்தது. அதற்குப் பின்னால் சாமான்கள் வந்தன.

முழங்கை அகலம்கூட இல்லாத அந்த வாய் வழியாக முதலில் செல்லையா டீக்கடையின் பெயர்ப்பலகை பாதி கரிந்து வந்தது. செல்லையா நிமிர்ந்து பார்த்தார், பலகை கடை வாசலில் மாட்டியபடியே இருந்தது. அடுத்து காதர் பாயின் கத்தரிக்கோல் பிடி உருகி வந்தது, அதே கத்தரிக்கோலைக் கையில் பிடித்துக்கொண்டுதான் காதர் பாய் கூட்டத்தில் நின்றிருந்தார். அண்ணாச்சியின் கால்குலேட்டர் பொத்தானெல்லாம் ஒன்றாக ஒட்டிப்போய் வந்தது, உள்ளே கடையில் பெரிய மகன் அதே கால்குலேட்டரில் யாருக்கோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். முழக்கோல், சேலை கட்டிக் காட்டும் கடைப் பொம்மையின் கை, சாமி படத்துச் சட்டம், எல்லாம் கரிந்து, எல்லாம் நனைந்து, எல்லாம் இன்னும் எரியாமல் அந்தத் தெருவில் இருப்பவையாகவே வந்தன. இரண்டு பொருள்களை மட்டும் யாரும் தங்களுடையது என்று சொல்லவில்லை. ஒன்று சங்கிலியோடு கூடிய தொங்குவிளக்கு. இன்னொன்று ஒரு பெரிய பித்தளைப் பூட்டு, இரண்டு கம்பிகளைக் கவ்விக்கொண்டு பூட்டியது பூட்டியபடியே கருகியிருந்தது.

கடைசியாக ஒரு பிள்ளையின் செருப்பு வந்தது. நடந்தால் கீச் கீச் என்று சத்தம் போடும் மஞ்சள் செருப்பு, இடதுகால், பக்கவாட்டில் உருகி மடங்கியிருந்தது. சந்தனமாரி அதை எடுத்தாள். எடுத்தபோது விரல் அழுத்திவிட்டது, அது கீச் என்றது. அதே நேரம் மாடியிலிருந்து அதே சத்தம் கேட்டது, தர்ஷிகா சன்னலுக்கு ஓடி வந்து "எம்மா, தண்ணி வந்துட்டா?" என்று கேட்டாள்.

ஆரோக்கியதாஸ் மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். "அழுத்தம் ஒண்ணாந்தரம் டீச்சர். இந்தச் சுத்துவட்டாரத்துலயே இப்படி ஒரு வேகம் கெடையாது. கலங்கல்தான் கொஞ்சம் இருக்கு." சோதனைச் சான்றில் சாமான்களை எழுத இடம் இல்லை, அதனால் அவர் எழுதவில்லை. உரிமம் கிடைத்துவிட்டது.

அன்று மாலைக்குள் தெருவில் எல்லாருக்கும் விஷயம் புரிந்துவிட்டது, இது நம் தெரு எரிந்த பிறகு கழுவிய தண்ணீர், கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டது, அவ்வளவுதான் என்று பேசிக்கொண்டார்கள். அது எப்படி வரும் என்று யாரும் கேட்கவில்லை. எப்போது எரியும் என்பதைத்தான் கேட்டார்கள், அதைக் குழாய் சொல்லவில்லை. பொருள் வந்தவர்கள் கடையைச் சீக்கிரம் சாத்தினார்கள். பொருள் வராதவர்கள் முதலில் நிம்மதியாக இருந்தார்கள், பிறகு அவர்களுக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது, எங்களை மட்டும் ஏன் விட்டுவிட்டது, ஒன்றும் மிஞ்சாமல் போகப்போகிறோமோ என்று அவர்கள் இன்னும் அதிகமாகப் பயந்தார்கள்.

அப்புறம் வாரியத்தில் கூட்டம் தாங்கவில்லை. இன்னொரு சோதனை வைத்தால் ஏதாவது மாறியிருக்குமோ என்று தெருவில் ஆளாளுக்கு மனுக் கொடுத்தார்கள், அதே எழுத்தர் இப்போது ஆள் வாயைத் திறப்பதற்குள் "ஜவுளிக்கடைத் தெருவா, குழாய்ச் சோதனையா, அந்தப் பக்கம் நில்லுங்க" என்று சொல்லப் பழகிக்கொண்டார். செவ்வாய்க்கிழமைதோறும் ஆரோக்கியதாஸ் வந்தார், குழாய் திறந்தது, சாமான்கள் வந்தன. காதர் பாய் கத்தரிக்கோலை வெளியூர்க்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு வேறு வாங்கினார், அடுத்த செவ்வாய்க்கிழமை வேறு வாங்கியதும் கரிந்து வந்தது. செல்லையா ராசியில்லாத பெயரை மாற்றிவிடலாம் என்று நினைத்தார், என்ன பெயர் வைப்பது என்று அவர் முடிவு செய்வதற்கு முன்பே புதுப் பெயரோடு பலகை எரிந்து வந்தது, அந்தப் பெயர் அவருக்குப் பிடித்தும் போனது, அதையே எழுதி மாட்டிவிட்டார். கொஞ்ச நாளில் வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிப்பது போல அதுவும் தெருவின் பழக்கங்களில் ஒன்றாகிவிட்டது. "உங்களுக்கு என்ன வந்துச்சு?" "மேசை விசிறி. உங்களுக்கு?" என்று கேட்டுக்கொண்டு டீ குடித்தார்கள். பயம் அப்படியேதான் இருந்தது, ஆனால் எல்லாரும் சேர்ந்து பயப்பட்டதால் அது ஊர்ப் பேச்சு மாதிரி ஆகிவிட்டது.

சந்தனமாரியால் அப்படி டீ குடிக்க முடியவில்லை. அவள் மகளின் மஞ்சள் செருப்பு ஜோடியை ஆற்றில் வீசிவிட்டு, சத்தம் போடாத சிவப்பு ஷூ வாங்கினாள், ஷூ பையிலிருந்து பிரிக்காமல் இருக்கும்போதே அதன் இடதுகால் குழாயில் கரிந்து வந்தது. வெறுங்காலோடு கூட்டிவந்து பார்ப்போம் என்று ஒரு வாரம் பிள்ளையை இடுப்பிலேயே தூக்கி வந்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமை செருப்பு எதுவும் வரவில்லை. எல்லாம் வந்து முடிந்த பிறகு, தண்ணீரில் கரையாமல், ஒரு கை சாம்பல் வந்தது, வெள்ளையாக, மெதுவாக, எதனுடையது என்று சொல்ல முடியாத சாம்பல். யாரும் அதைத் தங்களுடையது என்று சொல்லவில்லை. அவள் நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்தவுடன் நேரே செருப்புக் கடைக்குப் போய், முன்பு இருந்ததைப் போலவே கீச் சத்தம் போடும் மஞ்சள் செருப்பு வாங்கி மகளின் காலில் மாட்டினாள், அடுத்த வாரம் உருகிப்போன இடதுகால் செருப்பு திரும்பி வந்தபோது அதைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஏன் சந்தோஷப்படுகிறோம் என்று அவளுக்கே விளங்கவில்லை, ஆனால் செருப்பு வருகிறவரை பரவாயில்லை என்று அவள் மனசுக்குப் பட்டது.

இடத்தை விட்டுப் போக அவள் முயற்சி செய்யாமல் இல்லை. அக்கம்பக்கத் தெருக்களில் பிள்ளைகளுக்கு இடம் கொடுக்க யாரும் தயாராக இல்லை. தொலைவில் போனால் தாய்மார் சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்து பால் கொடுத்துவிட்டு ஓட முடியாது. ஒரு வாரம் காப்பகத்தை மூடிப் பார்த்தாள், அந்த ஒரு வாரமும் தாய்மார் பிள்ளைகளைக் கொண்டுவந்து கீழே அண்ணாச்சி சரக்கு வைக்கும் கிட்டங்கியில் துணிப் பொதிகளுக்கு நடுவே படுக்க வைத்துவிட்டு வேலைக்குப் போனார்கள். அதைப் பார்த்த பிறகு அவள் மறுபடியும் கதவைத் திறந்தாள்.

பொதிகளை எடுக்கச் சொல்லி அண்ணாச்சியிடம் கேட்டாள். "தீவாளி கழியட்டும் டீச்சர், எடுத்துருதேன்" என்றார் அவர். அவர் கெட்டவர் இல்லை, பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்பவர், தீபாவளிச் சரக்கை வேறு எங்கே வைப்பது என்று அவருக்கும் தெரியவில்லை.

அதன் பிறகு அவள் எல்லாப் பிள்ளைகளுக்கும் கீச் செருப்பு வாங்கினாள். எரிந்து உருகிய செருப்பே சத்தம் போடுகிறதென்றால் புகைக்குள்ளும் அது கேட்கும் என்று அவள் கணக்குப் போட்டாள். தினமும் சோறு ஊட்டுவதற்கு முன்னால் அவள் கழுத்தில் தொங்கும் விசிலை ஊதுவாள், பிள்ளைகள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, சுவரில் ஒரு கையை வைத்துக்கொண்டு, முன்னால் போகும் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுப் பின்னால் இறங்க வேண்டும். துணைக்கு இருந்த பேச்சியம்மாள் கைப்பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு முதலில் போவாள். வரிசையில் எப்போதும் கடைசி தர்ஷிகாதான். சோறானாலும் மிட்டாயானாலும் ஊஞ்சலானாலும் டீச்சரின் மகள் கடைசி என்பது காப்பகம் தொடங்கிய நாளிலிருந்து சந்தனமாரி வைத்திருந்த சட்டம், தன் பிள்ளையை முன்னால் விட்டாள் என்று ஒரு தாயும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக வைத்தது. இப்போது அதை மாற்ற வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தாள். மாற்றினால் கடைசியில் யாருடைய பிள்ளையை நிறுத்துவது என்று யோசித்து ஒவ்வொரு நாளும் மாற்றாமல் விட்டாள்.

"என்ன டீச்சர், எலிக்கூட்டம் எறங்குத மாரில்லா இருக்கு" என்று கீழே அண்ணாச்சி காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

அந்த அண்ணாச்சிக்குத்தான் ஒரு நாள் கடையில் உட்கார்ந்திருக்கும்போது எல்லாம் விளங்கியது. அவர் தெருக்காரர்களைக் கூட்டிவைத்துச் சொன்னார். "நாம இத்தன நாளும் தப்பால்லா நெனச்சிருக்கோம். இது கொழா இல்ல. நம்ம தெருவ எரிக்க வந்த தீயப் பூராவும் முழுங்கி வயித்துல வச்சிருக்கா ஒருத்தி. நாம வாரா வாரம் வாயத் தொறந்து வெளிய எடுக்கோம். அவளா ஒருநாள் கக்கிட்டான்னா என்ன ஆவும்?"

தெருக்காரர்களுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இத்தனை வாரம் பயந்து களைத்திருந்தவர்களுக்குக் கையெடுத்துக் கும்பிட ஒன்று கிடைத்ததே பெரிய ஆறுதலாக இருந்தது. அன்றே குழாயின் சைக்கிள் சங்கிலிகளைக் கழற்றினார்கள், மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள், தீமுழுங்கி அம்மன் என்று பெயர் வைத்தார்கள். யாரும் உரிமை கொண்டாடாத விளக்கும் பூட்டும் அண்ணாச்சியின் கிட்டங்கியில் ஒரு மூலையில் கிடந்தன. அவற்றையும் எடுத்துவந்து நடுவில் வைத்தார்கள்.

"யாருக்கும் சொந்தமில்லைன்னா என்ன அர்த்தம்? அவளுக்குச் சொந்தம்" என்றார் அண்ணாச்சி. "எனக்கு ஒரு வெளக்குப் போடு, என் வாயப் பூட்டி வையின்னு கேக்கா. கேட்டதக் குடுத்துருவோம்."

சந்தனமாரி கூட்டத்தின் பின்னாலிருந்து கேட்டாள். "அண்ணாச்சி, அந்த வெளக்கும் எரிஞ்சில்லா வந்துச்சு?"

"அது அவ காட்டுத அடையாளம் டீச்சர்."

"மத்ததெல்லாம் எரியப்போறதுக்கு அடையாளம், இது மட்டும் கேக்கதுக்கு அடையாளமா?"

"நீங்க படிச்சவிய, இப்படித்தான் பேசுவிய" என்றார் காதர் பாய் வருத்தத்தோடு. அவரும் எண்ணெய்க்குத் தன் பங்கைக் கொடுத்திருந்தார், பயத்துக்கு அந்தத் தெருவில் மதம் இருக்கவில்லை.

குழாயைச் சுற்றிக் கோவிலாகச் சுவர் எழுப்பினார்கள், பளபளப்பாக ஓடு பதித்தார்கள், முன்பக்கம் இரும்புக் கம்பிக் கதவு போட்டார்கள். பட்டறையிலிருந்து தொங்குவிளக்கு வந்தது, பட்டணத்திலிருந்து பெரிய பித்தளைப் பூட்டு வந்தது, கதவுக்கு உள்ளே அணையா விளக்கு எரிந்தது, மேலே அம்மனுக்குச் சார்த்த ஆளுக்கொரு பட்டுத் துணி கொடுத்தார்கள், ஜவுளிக்கடைத் தெருவில் வேறு எதைக் கொடுப்பார்கள்? குழாயின் வாயை இனி திறக்கக் கூடாது என்று முடிவு செய்து வாரியத்துக்கும் சொல்லிவிட்டார்கள். எழுத்தருக்கு அதில் சந்தோஷம்தான். செவ்வாய்க்கிழமைகளில் இப்போது சுண்டல் கொடுத்தார்கள். தெரு பழையபடி சிரிக்கத் தொடங்கியது, கடைகள் இரவு வெகுநேரம் திறந்திருந்தன.

பூட்டுப் போட்ட அன்று சந்தனமாரி கம்பிக் கதவின் முன்னால் நின்று பார்த்தாள். பூட்டு இரண்டு கம்பிகளைக் கவ்விக்கொண்டிருந்தது. கருகல் ஒன்றைத் தவிர, முதல் நாள் குழாய் துப்பிய பூட்டேதான் அது. உள்ளே விளக்கு சங்கிலியில் ஆடியது, அதுவும் அதேதான். அதுவரை இந்தத் தெருவில் இல்லாமல் இருந்தவை அந்த இரண்டு பொருள்கள் மட்டும்தான், இப்போது அவையும் வந்துவிட்டன, இனி வர வேண்டியது தீ ஒன்றுதான். அவளுக்கு மூத்திரம் வந்துவிடும் போல இருந்தது, அப்படி ஒரு பயம். அந்த நிமிஷமே வாரியத்துக்குப் போய், சிவப்புக் குழாயில் உடனே சோதனை வைக்க வேண்டும் என்று இரண்டாவது மனுவைக் கொடுத்தாள். சோதனைக்கு வாரியம் வந்தால் கதவைத் திறந்துதானே ஆக வேண்டும் என்பது அவள் யோசனை.

ஆரோக்கியதாஸ் வந்தார். ஆனால் வந்தது தீபாவளிக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, தெருவில் தோளோடு தோள் உரசும் கூட்டம், அம்மனுக்கு நூறு முழப் பட்டில் அலங்காரம். சந்தனமாரி பிள்ளைகளைப் பேச்சியம்மாளிடம் விட்டுவிட்டுக் கீழே இறங்கி வந்தாள்.

"சாவியக் குடுங்க அண்ணாச்சி. சார் பாத்துட்டுப் பூட்டிருவாரு."

"இன்னைக்கா? அவ வயிறு நெறஞ்சி உறங்குதா டீச்சர். எழுப்பலாமா?"

"உங்க காலப் பிடிச்சிக் கேக்கேன் அண்ணாச்சி. மேல பிள்ளைய இருக்கு."

"அந்தப் பிள்ளையளுக்காகத்தாம்மா நானும் சொல்லுதேன்" என்றார் அண்ணாச்சி. அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது. அம்மன் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று கம்பிகளுக்கு இடையே கையை விட்டு, தூக்குவாளியிலிருந்த எண்ணெய் முழுவதையும் விளக்கில் ஊற்றினார். கை சங்கிலியில் பட்டது, சங்கிலி ஆடியது, விளக்கு சாய்ந்தது. எண்ணெய் பட்டில் வழிந்தது, பின்னாலேயே தீயும் வழிந்தது.

எண்ணெய் குடித்த பட்டு எரிவதற்கு நேரம் எடுத்துக்கொள்வதில்லை. கோவிலின் தலையிலிருந்து தெருவில் தொங்கிய துணிக்கும், அங்கிருந்து செல்லையாவின் பலகைக்கும், அங்கிருந்து அண்ணாச்சி கடை முகப்புக்கும் அது தாவியது. கூட்டம் இரண்டு பக்கமும் அலறிக்கொண்டு பிதுங்கியது. ஃபிட்டர் இரும்புச் சாவியால் பூட்டை அடித்தார், பூட்டு அசையவில்லை. "பூட்டுச் சாவி எங்க?" என்று ஆரோக்கியதாஸ் அண்ணாச்சியின் சட்டையைப் பிடித்து உலுக்கினார். "கல்லாவுக்குள்ளல்லா இருக்கு" என்று அண்ணாச்சி எரிகிற தன் கடையைக் காட்டினார். பிறகு தீயணைப்பு வண்டி வந்ததும், குழாய் எங்கே என்று அவர்கள் கேட்டதும், எல்லாரும் கோவிலைக் காட்டியதும், சங்கிலி போட்டு வண்டியால் இழுத்துக் கம்பிக் கதவைச் சுவரோடு பெயர்த்ததும், அப்போதும் பூட்டு இரண்டு கம்பிகளை விடாமல் கவ்விக்கொண்டு பூட்டியபடியே தீயில் விழுந்ததும், சான்றில் எழுதியிருந்த அதே வேகத்தில் குழாயிலிருந்து முதல்முறையாகத் தெளிந்த தண்ணீர் வந்ததும் நடந்தன, ஆனால் அதெல்லாம் பிறகு.

அதற்கு முன்னால் படிவாசலில் புகை இறங்கிக்கொண்டிருந்தது. பொதிகளில் தீப்பிடித்துவிட்டது. சந்தனமாரி உள்ளே பாய்ந்தாள், காதர் பாயும் செல்லையாவும் அவளை இடுப்பைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்கள், அவள் அவர்களைக் கடித்தாள், அப்போதும் அவர்கள் விடவில்லை. அவள் விசிலை ஊதினாள். ஊதி ஊதி மூச்சு நின்றுபோகும் வரை ஊதிவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

கீச் என்று ஒரு சத்தம் கேட்டது.

பிறகு இன்னொன்று, பிறகு பல. புகைக்குள்ளிருந்து பேச்சியம்மாள் இரண்டு தோளிலும் பிள்ளைகளோடு கண்ணீர் வழிய வந்தாள், அவள் பின்னால் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, சுவரில் கை வைத்துக்கொண்டு, தினமும் சோற்றுக்கு முன்னால் வருவது போலவே பிள்ளைகள் கீச் கீச் என்று வந்தன. வெளிச்சத்துக்கு வந்த பிறகும் சில கண்ணைத் திறக்கவில்லை, டீச்சர் சொல்லும் வரை திறக்கக் கூடாது என்பது சட்டம். தாய்மார் கடைகளிலிருந்து ஓடி வந்து ஒவ்வொன்றாக அள்ளிக்கொண்டார்கள். எல்லாத் தாயின் கையிலும் பிள்ளை இருந்தது. சந்தனமாரியின் கையில் இல்லை.

புகையில் சத்தம் நின்றுவிட்டது. பொதி ஒன்று சரிந்து படியில் விழுவது கேட்டது. அவளைப் பிடித்திருந்த இரண்டு பேரும் பிடியைத் தளர்த்தினார்கள், ஏனென்றால் அவள் இழுப்பதை நிறுத்திவிட்டாள். அவள் அந்தச் சாம்பலை நினைத்துக்கொண்டு நின்றாள், வெள்ளையாக, மெதுவாக, தண்ணீரில் கரையாமல் வந்த சாம்பலை.

அப்போது உள்ளே மேலே எங்கேயோ கீச் என்றது. அதன் பிறகு ஒன்றும் இல்லை. மறுபடியும் கீச். மறுபடியும் ஒன்றும் இல்லை. ஒரு காலுக்குச் சத்தம், ஒரு காலுக்கு மௌனம், ஒரு காலுக்குச் சத்தம், ஒரு காலுக்கு மௌனம் என்று அது நொண்டி நொண்டிக் கீழே இறங்கி வந்தது.

தர்ஷிகா கண்ணை மூடிக்கொண்டு, கரி பூசிய முகத்தோடு, ஒரு கை சுவரைத் தேட, புகையை விட்டு வெளியே வந்தாள். வலதுகாலில் மஞ்சள் செருப்பு இருந்தது. இடதுகால் வெறுங்காலாக இருந்தது. சந்தனமாரி அந்த வெறும் பாதத்தைத்தான் முதலில் பிடித்தாள், சுடாமல், உருகாமல், புழுதியும் கரியுமாக, விரல்கள் எல்லாம் இருந்த அந்தப் பாதத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

பிள்ளை அழத் தொடங்கியது, செருப்புத் தொலைந்தால் அம்மா அடிப்பாள் என்ற பயம் அதற்கு.

"எம்மா, பொதிகிட்ட ஒரு செருப்பு கழண்டுட்டு. நான் போயி எடுத்துட்டு வரட்டா?"

"வேண்டாம் தாயி" என்றாள் சந்தனமாரி. "அது அங்கனயே எரியட்டும்."